அக்கரைக்குச் செல்லும் செவிலியர்

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, மேலூரிலோ உசிலம்பட்டியிலோ குடும்பத்தை வைத்துக்கொண்டு, குவைத்துக்கு ஒப்பந்த உத்தியோகமாகப் பிரயாணப்பட உத்தேசிக்கும் செவிலிச் சகோதரிகள், தரகர் வார்த்தையை நம்புவதற்கு முன்னால், தமிழக அரசு 1978-இல் ஸ்தாபித்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நாடுவதே உசிதம். குழந்தைகள் பின்னால் வந்து சேர்வதானால், நம் ஊரில் ஜூனில் தொடங்கும் வகுப்பு வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறபடியால், மாற்றுச் சான்றிதழ் குறித்துத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொன்று, அற்பமாகத் தோன்றும். ஆனால் பலர் அகப்பட்டுக்கொள்வது இதில்தான். பெட்டியில் பத்திரமாக இருக்கும் பிறப்புச் சான்றிதழில், குழந்தையின் பெயருக்குரிய இடம் சில சமயம் வெறுமையாகவே இருக்கும். பெயரைப் பதிந்து, திருமணச் சான்றிதழோடு அதற்கும் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் வாங்கியாக வேண்டும். ஆகவே, தாய்மார்களே, இன்றைக்கே அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.