பிக்கப்பில் ஏறும் மண்பாரம்

புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்த ஒருவர் முற்றத்தில் பூந்தோட்டம் அமைக்க விரும்புகிறார். கடற்கரையை அடுத்த மணற்பாங்கான காணி. உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் ஒரு கியூப் வந்து விழுந்தாலன்றி அங்கே செடிகள் செழித்து வளரமாட்டா. அத்துடன் நடைபாதையின் ஓரத்துக்குச் சுண்ணாம்புக் கற்களும் வாயிலுக்குச் சல்லியும் வேண்டும். ஒழுங்கை ஒடுக்கமானது, லொறி நுழையாது. ஆகவே பிக்கப் ஒன்றை வாடகைக்கு அமர்த்துகிறார். வாடகை நடைக்கணக்கில். நடை குறைந்தால் செலவு குறையும்; பெட்டியில் இடமிருக்க, ஏன் அரைகுறையாகக் கொண்டுவர வேண்டும் என்று அவர் சாரதியைக் கேட்கிறார்.

கேள்வி நியாயமானதாகவே தோன்றும். விடையைத் தராசு சொல்லும். கியூப் என்பது 100 கன அடி. உலர்ந்த மணல் கன அடிக்கு ஏறத்தாழ 45 கிலோகிராம். ஆகவே ஒரு கியூப் நாலரைத் தொன். செம்மண் உலர்ந்திருக்கையில் இதனிற் சற்றுக் குறையலாம். மழையில் ஊறிவிட்டால் மிஞ்சவும் கூடும். பிக்கப்பின் பெட்டி 5 அடி நீளமும் 5 அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உடையதென வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு 37 கன அடிக்குச் சிறிது மேல். விளிம்புவரை மணல் நிரப்பினால் பாரம் 1,700 கிலோகிராமை நெருங்கும். இத்தகைய வாகனங்களிற் பல ஏறத்தாழ ஒரு தொன்னைச் சுமக்கவே அமைந்தவை. உடன்செல்லும் ஆட்களின் நிறையும் அதற்குள் அடக்கம். 50 கிலோகிராம் சீமெந்துப் பைகள் இருபதை அடுக்கியதும் அந்தத் தொன் நிறைந்துவிடும். பெட்டியிலோ இன்னும் இடமிருக்கும்.

அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதற்கு வள்ளுவர் மயிற்பீலியை எடுத்துக்கொண்டார். பீலி குவிவதைக் கண் காணும். மண்ணோ கண்ணுக்குக் குறைவாகவே தோன்றும்.

இன்னுமொன்று. பிக்கப் லொறியின் தம்பியன்று, காரின் வழிவந்தது. 1925ஆம் ஆண்டில் ஃபோர்ட் நிறுவனம் தனது மொடல் ரீ காரின் பின்புறத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது.

எவ்வளவு ஏற்றுவது என்பதோடு, எங்கே ஏற்றுவது என்பதும் உண்டு. இதனைப் பழைய வண்டில்காரர் நன்கறிவர். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து எருதுகளின் கழுத்துக்கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். எருது தயங்கும், நுரைதள்ளும், நின்றேவிடும். இயந்திரம் அவ்வாறு முறையிடுவதில்லை. துலாவில் ஏறியவர் ஆடுகாலைக் கடந்து பின்னே நடக்க, முன்முனை மேலெழுவதை யாழ்ப்பாணத்தார் கண்டிருப்பர். பிக்கப்பில் பின்னச்சே ஆடுகால். கற்களைக் கடைக்கதவோரம் குவித்தால் முன்சில்லுகளின் மீதுள்ள பாரம் குறையும். அவை நிலத்தை இறுகப் பற்றா. சாரதி ஸ்டியரிங்கைத் திருப்புவார். வாகனம் தான் நினைத்தவழி செல்லும். ஆதலால் கனமான கற்களைச் சாரதி இருக்கும் கூண்டை ஒட்டித் தாழ வைத்து, உருளாதவாறு கட்டுதல் வேண்டும்.

பிரேக்கின் நிலையும் இதுவே. மொத்த நிறை ஒன்றரை மடங்கானால், அதே வேகத்தில் ஓடும் வாகனத்தை நிறுத்த பிரேக்கு ஏற்கவேண்டிய சக்தியும் ஒன்றரை மடங்காகும். வடக்கின் சமதரையில் இந்த ஆபத்து மறைந்துகிடக்கும். பதுளை, நுவரெலியாப் பக்கத்து இறக்கங்களில் வெளிப்பட்டுவிடும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறித் தளரும். இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றிவிடுவது அனுபவமுள்ள சாரதியின் வழக்கம்.

மண் குவியலின் மேல் கூலியாளை அமர்த்தி வருவது பலருக்குப் பழகிப்போன காட்சி. சடுதியாக நிறுத்தினால் முதலில் தூக்கியெறியப்படுபவர் அவரே. மணலைப் படங்கினால் மூடாது ஓடினால், பின்னே சைக்கிளில் வருபவரின் கண்ணில்தான் அது விழும். மண்ணும் மணலும் ஏற்றிச்செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் வீட்டுக்காரர் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளல் நன்று.

ஆகவே சாரதி அவருக்குச் சொல்லக்கூடிய கணக்கு இதுதான்: ஒரு கியூப் செம்மண்ணுக்கு ஐந்து நடை, மழை பெய்த மறுநாளாயின் ஆறு. மண் காயும்வரை பொறுத்திருந்தால் அந்த ஆறாவது நடையின் வாடகை அவருக்கு மிச்சம்.