24-க்கு 2



விளையாட்டும் வேலைநிறுத்தமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கிரிக்கெட் பற்றிப் பேசுவேன் என்று வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1912 மே 18, பிலடெல்பியா நகரத்து ஷைப் பார்க் மைதானத்துக்குப் போவோம். ஆட்டம் பேஸ்பால். உள்ளூர் அத்லெடிக்ஸ் அணிக்கு 24 ரன். டெட்ராய்ட் டைகர்ஸுக்கு வெறும் 2. ஐந்தாறு ரன் எடுத்தாலே பெரும்பாலும் ஜெயித்துவிடக்கூடிய ஆட்டத்தில் இருபத்து நான்கு!

டைகர்ஸ் சோப்ளாங்கி அணியா? 1907, 1908, 1909 என்று தொடர்ந்து மூன்று வருஷம் லீக் பட்டம் வாங்கிய அணி. அப்புறம் எப்படி?

மூன்று நாள் முன்னால் நியூயார்க்கில் ஒரு சம்பவம். டைகர்ஸின் நட்சத்திரம் டை காப். ஆட்டத்தில் முதல்தரம், முன்கோபத்திலும் முதல்தரம். ரசிகர் ஒருவர் விடாமல் ஏசிக்கொண்டே இருக்க, காப் வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பாய்ந்து அவரைப் புரட்டி எடுத்துவிட்டார். அடிபட்டவர் யார் தெரியுமா? அச்சகத்து விபத்தில் ஒரு கையை முழுசாகவும், மறு கையில் மூன்று விரலையும் பறிகொடுத்தவர். இதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? லீக் தலைவர் பான் ஜான்சன் காப்பைக் காலவரையின்றி சஸ்பெண்ட் செய்தார். விசாரணை கிடையாது, ஒன்றும் கிடையாது.

அங்கேதான் கதை திரும்புகிறது. காப்பைக் கண்டாலே ஆகாதவர்கள் அந்த அணியிலேயே நிறையப் பேர். அவர்களே ஒன்றாக எழுந்தார்கள்: அவன் இல்லாமல் நாங்கள் இறங்க மாட்டோம்! ஆள் யோக்கியன் என்பதற்காக அல்ல. இன்றைக்கு அவனைக் கேள்விமுறை இல்லாமல் நிறுத்தியவர் நாளைக்கு நம்மையும் நிறுத்துவார் என்பதற்காக. இதை நான் நியாயம் என்றுதான் சொல்வேன்.

அணி இறங்காவிட்டால் முதலாளிக்கு 5,000 டாலர் அபராதம். மேனேஜர் ஹியூயி ஜென்னிங்ஸ் பிலடெல்பியாவுக்குள் அகப்பட்டவர்களை எல்லாம் சேர்த்துவிட்டார். டைகர்ஸ் வீரர்கள் மைதானம் வரை வந்து, சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார்கள். அதே சீருடையை மாட்டிக்கொண்டு புதியவர்கள் இறங்கினார்கள். ஆள் பற்றவில்லை. பயிற்சியாளர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒருவருக்கு வயது 41, இன்னொருவருக்கு 48!

பந்து வீசியவர் ஆலன் டிராவர்ஸ். செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரி மாணவர், வயது 20. கல்லூரி அணியில் மேனேஜருக்கு உதவியாளர், ஆடுகிறவரே அல்ல. எதிரே நிற்பதோ, 1910-லும் 1911-லும் உலகப் பட்டம் வென்ற அணி. அவரை மாற்ற வேறு ஆள் இல்லாததால் எட்டு இன்னிங்ஸும் அவரே வீசினார். 26 ஹிட். அந்த 24 ரன்னில் 14 மட்டுமே அவர் கணக்கு. மிச்சம் பத்தும் பின்னால் நின்றவர்கள் பந்தைக் கோட்டைவிட்டதால் வந்தவை. தொழிற்சங்கக்காரர்கள் இவரைக் கருங்காலி என்பீர்கள். எனக்கு வாய் வரவில்லை, ஐயா. சண்டை யாருடையதோ, அடி வாங்கியது இந்தப் பையன்.

ஒரு வேடிக்கையும் உண்டு. எட் இர்வின் என்ற மாற்று ஆள் மூன்று தடவை மட்டையைச் சுழற்றி இரண்டு ட்ரிப்பிள் அடித்தார்; ட்ரிப்பிள் என்றால் ஒரே அடியில் மூன்றாம் தளம் வரை ஓடவிடும் ஹிட். அதற்குப் பிறகு மேஜர் லீக்கில் அவர் ஆடவே இல்லை. சராசரி .667. காப்பால்கூடத் தொட முடியாத சராசரி! டிராவர்ஸும் அந்த ஒரே ஆட்டத்தோடு சரி. பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார்.

வேலைநிறுத்தம் என்ன ஆயிற்று? ஜான்சன் நேரே வந்து மிரட்டினார். திரும்பிப் போங்கள் என்று காப்பே தோழர்களிடம் சொன்னார். போனார்கள். தீர்ப்பைக் கேளுங்கள்: ஆளை அடித்த காப்புக்குப் பத்து நாள் தடையும் 50 டாலர் அபராதமும். அவருக்காக நின்றவர்களுக்குத் தலைக்கு 100 டாலர்.

அதே வருஷம், முன்னாள் ஆட்டக்காரரும் வக்கீலுமான டேவ் ஃபுல்ட்ஸ் தலைமையில் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கட்டினார்கள்.