கூடியிருந்து குறை களைதல்
(ஆர்.எஸ்.புரத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'தர அபிவிருத்திச் சாதனங்களும் குழு முறைகளும்' என்று காரியதரிசி அவர்கள் அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டனர். பெயர் கடினம், விஷயம் எளிது. ஒரு ஸ்தாபனத்தின் வேலையில் குறை எங்கே பிறக்கின்றது என்பதை அவ்வேலையைச் செய்வோரே கூடியிருந்து கண்டு களைவது எங்ஙனம் என்பதே அது. நம்மவருள் ஆலை வைத்திருப்போரும், பவுண்டரி நடத்துவோரும், அவற்றிலே வேலை பார்ப்போரும் பலராதலின் இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இவ்வித்தை ஜப்பானிலே பிறந்ததென்று பலரும் எண்ணுகின்றனர். 1924-ஆம் வருஷத்திலேயே அமெரிக்கராகிய வால்டர் ஷூவார்ட், வேலையில் இயல்பாக உண்டாகும் ஏற்றத்தாழ்வு இது, காரணம் தேடவேண்டிய பிழை இது என்று பிரித்தறியும் கோட்டுப்படத்தை வரைந்து காட்டினார். நம் தேசத்தில் மகலனோபிஸ் அவர்கள் 1931-இல் கல்கத்தாவில் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். அவரது அழைப்பின்பேரில் ஷூவார்ட் 1947-48-இல் இங்கு வந்து சென்றார். டெமிங் ஜப்பானில் தம் புகழ்பெற்ற விரிவுரைகளை ஆற்றியது 1950-இல். ஆகவே விதை நம் மண்ணிலும் காலத்தே விழுந்தது. ஜப்பானியர் செய்த விசேஷம் யாதெனின், 1962 முதற்கொண்டு அப்படத்தை மேலதிகாரியின் அறையினின்றும் எடுத்துத் தொழிலாளியின் கையிற் கொடுத்தமையே. தர வட்டம் என்பது அதுதான்.

கோவைக்கு வருவோம். 1956-இல் இவ்வூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது 'சிட்ரா', தொடங்கப்பெற்றது. போட்டியிலிருக்கும் ஆலைகள் தத்தம் உற்பத்திக் கணக்கையும் நூலின் தரத்தையும் அங்கே கொடுக்கின்றன. சிட்ரா அவற்றை ஒப்பிட்டு, ஆலையின் பெயரை வெளியிடாமல் குறியெண் மட்டும் இட்டு அறிக்கை தருகின்றது. தன் ஆலை எவ்வரிசையில் நிற்கின்றதென்பதை முதலாளி தனியே அறிந்துகொள்கின்றார், ஊர் சிரிப்பதில்லை. மானம் காக்கப்படுமாயின் மனிதர் உண்மையைச் சொல்லுவர் என்பதற்கு இதினும் நல்ல உதாரணம் நாம் கண்டதில்லை.

நூற்பாலையில் இழை அறுதலையே எடுத்துக்கொள்வோம். நூறு கதிர்கள் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை முறை இழை அறுகின்றதென்பது கணக்கு. அறுந்தால் உற்பத்தி குறையும், கழிவுப் பஞ்சு பெருகும், ஒட்டும் பெண்ணுக்கு நடை ஓயாது. மேஸ்திரி அவளைக் கடிந்துகொள்வார். காரணமோ அவளிடம் இல்லாமலிருக்கலாம். பஞ்சுக் கலவை மாறியிருக்கலாம். காற்றில் ஈரம் குறைந்திருக்கலாம். கதிர் நடு விலகியிருக்கலாம். டிராவலர் என்னும் சிறு கம்பி வளையம் தேய்ந்திருக்கலாம். இக்காரணங்களை ஆள், இயந்திரம், சரக்கு, செய்முறை என்று கிளை பிரித்து எழுதும் படத்தை இஷிகாவா என்னும் ஜப்பானியப் பேராசிரியர் வகுத்தார். மீன்முள் போலிருப்பதால் மீன்முள் படம் என்பர். (சைவர்கள் பொறுத்தருள்க.) பின்பு, எக்காரணத்தால் எத்தனை முறை அறுந்ததென்று கோடு கிழித்து எண்ணவேண்டும். களத்திலே நெல் மூட்டைக்குச் சுவரிற் கரிக்கோடு இட்ட பாட்டனாரின் பேரர்க்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான அறுதல்கள் இரண்டொரு காரணத்திலேயே வந்து குவிந்திருக்கும். முதலில் அவற்றைத் திருத்தினாற் போதும்.

இவ்வளவுதான் சாதனம். ஒரு காகிதமும் ஒரு பென்சிலும் தவிர வேறு செலவில்லை. எனினும் நம் தொழிற்சாலைகள் பலவற்றில் இது ஏன் வேரூன்றவில்லை? ஐதராபாத்தை அடுத்த ராமச்சந்திரபுரத்தில் பெல் நிறுவனம் 1980-இல் தர வட்டத்தைத் தொடங்கிற்று. சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் 1998-இல் டெமிங் பரிசையே பெற்றது. அறிவு குறைவென்று சொல்ல வழியில்லை.

நாமறிந்த ஒரு பவுண்டரியில் (பெயர் வேண்டா) சுவர் முழுதும் வர்ணப் படங்கள் தொங்குகின்றன. அங்கே வார்ப்படங்களில் காற்றுக்குழி விழுந்து, பம்பு உடல்கள் கழிக்கப்பட்டு மூலையிற் குவிந்துகொண்டே வந்தன. மணலில் ஈரம் மிகுந்திருக்கின்றதென்பது அச்சுக் கட்டும் கிழவர்க்குக் கையால் பிடித்த மாத்திரத்தில் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை. முன்னொருகால் சொன்னபோது, "உன்னை யார் கேட்டது?" என்று ஒரு சொல் விழுந்ததாம். அச்சொல்லின் விலை எத்தனை டன் இரும்பு என்று எவரும் கணக்கிட்டாரில்லை.

இவ்விடத்திலே நாம் சற்று மனம் விட்டுப் பேசவேண்டும். இது நம் சபைதானே. குழு முறையில் எல்லாரும் ஒரே பாயில் அமரவேண்டும். மேஸ்திரி இன்ன குலம், கூட்டுபவர் இன்ன குலம், முதலாளி வீட்டு மருமகப்பிள்ளை இன்னார் என்ற நினைவோடு அமர்ந்தால், மரியாதை மிகும், உண்மை ஒளியும். நம்மவர் ஆலையிலே நம்மவரே மேலாளராக இருப்பதிற் பெருமை கொள்கின்றோம். அவரைக் கண்டு மற்றவர் பேச அஞ்சுவாராயின், அப்பெருமைக்கு நாம் கழிவுப் பஞ்சாலும் கழித்த வார்ப்படத்தாலும் விலை கொடுத்து வருகின்றோம். இது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சங்கத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

பிறர் ஆலையைத் திருத்தப் புகுமுன், நம் மாணவர் விடுதியிலே தொடங்கலாமென்று ஒரு யோசனை கூறுகின்றோம். இலையில் மீதப்படும் சோற்றைப்பற்றிக் கமிட்டியில் வருஷந்தோறும் புகார் எழுகின்றது. பையன்களின் செருக்கு என்கின்றனர் சிலர். சமையலின் குற்றம் என்கின்றனர் சிலர். எவரும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒரு மாதம் வேளைதோறும் மிச்சத்தை நிறுத்து எழுதுவோம். சமையற்காரர், பரிமாறுபவர், பாத்திரம் துலக்கும் அம்மையார், மாணவர் இருவர், காரியதரிசி ஆகிய அறுவரும் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் அமர்ந்து அக்காகிதத்தைப் பார்ப்பார்களாக. பாத்திரம் துலக்குபவர் முதலிற் பேசட்டும். எவ்வேளையில் எது மிஞ்சுகின்றதென்பது அவருக்கே நன்கு தெரியும். கமிட்டி அங்கத்தினர் எவரும் அம்மாதம் அவ்வறைக்குள் நுழையலாகாது. தராசை நாளைக் காலையில் நம் வீட்டிலிருந்து அனுப்பிவைக்கின்றோம்.