இருபது விழுக்காடு யாருடைய கணக்கு?

(இளையோரும் பணமும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், சம்பளத்தில் இருபது விழுக்காட்டைச் சேமிக்காத இளைஞன் தன் எதிர்காலத்தைத் தானே திருடுகிறான் என்று சொன்னபோது நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் அது நான் சொன்ன வசனம். கணக்காய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளி மண்டபங்களிலும் இளைஞர் பட்டறை நடத்தியவன் நான். இருபது விழுக்காடு சேமி, டீத் தண்ணீர்ச் செலவைக் குறை, வாடகை கட்டாதே, வீட்டை வாங்கு. இந்த நான்கையும் வெண்பலகையில் எழுதிப்போட்டு, ஆண்டுக்கணக்கில் பேசியிருக்கிறேன். இன்று அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

ஈப்போவில் ஒரு பட்டறை முடிந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர். "சார், நீங்களே எழுதிக் காட்டுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். சம்பளம் 2,500 ரிங்கிட். சேமநிதி, சொக்சோ பிடித்தம் போகக் கையில் வருவது ஏறத்தாழ 2,200. அறை வாடகை 450. மோட்டார் சைக்கிள் தவணை 250, பெட்ரோல் 100. மூன்று வேளைச் சாப்பாடு 650. தொலைபேசி 60. பிடிபிடிஎன் கல்விக் கடன் 120. அம்மாவுக்கு 400. கூட்டிப் பாருங்கள், 2,030 வருகிறது. மிச்சம் 170. அதற்குள் ஒரு திருமண மொய், ஒரு டயர், ஒரு பல்வலி வந்தால் போதும்.

நான் சொன்ன இருபது விழுக்காட்டுக்கு அவர் 440 ரிங்கிட் எடுத்து வைக்க வேண்டும். எங்கே எடுப்பது? தாளில் மேலும் கீழும் பார்த்தேன். எடுக்கக்கூடிய ஒரே பெரிய வரி அம்மாவுக்கு என்று எழுதியிருந்த வரிதான். நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இந்த 50, 30, 20 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் எலிசபெத் வாரன் என்ற சட்டப் பேராசிரியை, பின்னாளில் செனட்டரானவர், தம் மகளோடு சேர்ந்து 2005இல் எழுதிய ஒரு நூல்தான் அதைப் பரப்பியது. அவசியத்துக்குப் பாதி, விருப்பத்துக்கு முப்பது, சேமிப்புக்கும் கடன் அடைக்கவும் இருபது. அந்த அம்மையார் அதை அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதினார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தூக்கி வந்து, பெற்றோருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் நம் பிள்ளைகளின் தலையில் அப்படியே வைத்தவர்கள் நாங்கள். அம்மாவுக்குக் கொடுக்கும் பணம் அவசியமா, விருப்பமா, சேமிப்பா? அந்த மூன்று பெட்டியில் அதற்கு இடமே இல்லை. தோட்டத்தில் பால் வெட்டி, ஓய்வு பெற்றபோது கையில் சொற்பத் தொகையோடு வெளியே வந்த ஒரு தலைமுறைக்கு, பிள்ளை தரும் பணம்தான் ஓய்வூதியம்.

இன்னொன்றையும் நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த இளைஞரின் சம்பளத்தில் பதினொரு விழுக்காடு சேமநிதிக்குப் போகிறது. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி பதின்மூன்று விழுக்காடு போடுகிறார். ஆக இருபத்து நான்கு விழுக்காடு. அவருடைய 2,500க்கு மாதம் 600 ரிங்கிட். இருபது கேட்டோம், அவர் இருபத்து நான்கு சேமித்துக்கொண்டிருக்கிறார். சேமிக்காதவன் என்று அவரை மேடையில் நிறுத்தித் திட்டியும் இருக்கிறோம்!

அந்தப் பணம் இன்றைக்குக் கையில் இல்லையே என்று கேட்பீர்கள். அதுதான் விஷயம். நம் இளைஞரிடம் இல்லாதது அறுபது வயதுக்கான பணம் அன்று, அடுத்த புதன்கிழமைக்கான பணம். மோட்டார் சைக்கிள் சங்கிலி அறுந்தால், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தால் எடுத்துக் கொடுக்கிற பணம். அது இல்லாதபோதுதான் ஆலோங்கின் தொலைபேசி எண் நினைவுக்கு வருகிறது. கோவிட் காலத்தில், 2020 முதல் 2022 வரை, நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியாக எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேமநிதியிலிருந்து 14,500 கோடி ரிங்கிட் எடுத்தார்கள். எதிர்காலத்தைத் தின்றுவிட்டார்கள் என்று எழுதினார்கள், பேசினார்கள். சிலர் தேவையில்லாமல் எடுத்திருக்கலாம். ஆனால் வேலை நின்று, அடுப்பெரிய வேறு வழியில்லாமல் எடுத்த வீடுகள் எத்தனை! 2024 மே மாதம் முதல் சேமநிதியில் மூன்றாவதாக ஒரு நெகிழ்வுக் கணக்கைத் திறந்து, புதிதாக வரும் சந்தாவில் பத்து விழுக்காட்டை எந்த நேரமும் எடுக்கலாம் என்று வைத்ததே, கைப்பணம் இல்லாத குறையை வாரியமும் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த இளைஞர் மாதம் நூறு ரிங்கிட்டைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டுக்கொண்டு வந்தால் போதும், இருபது விழுக்காட்டுக் குற்ற உணர்வை அவர் தூக்கி எறியலாம் என்பது இன்று என் கட்சி.

சேமநிதியே இல்லாதவர்கள் கதை வேறு. லோரி ஓட்டுபவர், உணவு பட்டுவாடா செய்பவர், சொந்தமாகத் தையல் தைக்கும் சகோதரி, இவர்களுக்கு முதலாளியின் பதின்மூன்று விழுக்காடு கிடையாது. இவர்களிடம்தான் சேமியுங்கள் என்று நாங்கள் கெஞ்சியிருக்க வேண்டும். ஐ-சாரான் என்ற திட்டத்தில் இவர்கள் தாங்களாகவே சேமநிதியில் போடும் பணத்துக்கு, அரசாங்கம் தன் பங்காக இருபது விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்க்கும் என்று 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஆயுளுக்கு உச்ச வரம்பு 5,000 ரிங்கிட். ஆண்டு முழுவதும் சேர்த்து 2,500 போட்டால் 500 வந்து சேரும். என் பட்டறைகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் டீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

டீ என்றதும் நினைவு வருகிறது. ஒரு நாளைக்கு ஐந்து ரிங்கிட் டீக்கும் ரொட்டி சானாய்க்கும் போனால் ஆண்டுக்கு 1,825 ரிங்கிட். இதைச் சொன்னவுடன் அரங்கில் ஒரு பெருமூச்சு எழும், எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். அதே அரங்கின் வாசலில் ஒன்பது ஆண்டுத் தவணையில் வாங்கிய கார்கள் வரிசையாக நிற்கும். முதலில் வாங்கிய முழுத் தொகைக்குமே கடைசி ஆண்டு வரை வட்டி போடும் முறைதான் நம் நாட்டு வாகனக் கடனில் நெடுங்காலம் இருந்து வந்தது. 50,000 ரிங்கிட், மூன்றரை விழுக்காடு, ஒன்பது ஆண்டு என்றால் வட்டி மட்டும் 15,750. மாதம் 609. மூன்றரை என்று சொன்னாலும் குறைந்துவரும் கடன் பாக்கியோடு வைத்துக் கணக்குப் பார்த்தால் ஆறு விழுக்காட்டுக்கு மேல் வரும். ஐந்து ரிங்கிட் டீயை நாங்கள் விரட்டினோம், 15,750ஐ யாரும் கேட்கவில்லை. காரே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. பேருந்து வராத இடத்தில் இரவு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் என்ன செய்வார்? பழைய காரை ஐந்து ஆண்டுத் தவணையில் வாங்குவது பற்றி வீட்டில் பேசுங்கள் என்கிறேன்.

கடன் அட்டைக்கு வருகிறேன். அட்டையில் 5,000 பாக்கி வைத்துக்கொண்டே, சேமிப்பே முதல் என்று யூனிட் டிரஸ்டில் 5,000 போட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். என் பாடத்தைக் கேட்டுத்தான். அட்டை வட்டி பதினெட்டு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 900 போகிறது. முதலீட்டில் ஐந்து விழுக்காடு கிடைத்தால் வருவது 250. குறைந்தபட்சத் தொகையான ஐந்து விழுக்காட்டை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அந்தப் பாக்கி எப்போது தீரும் என்று வங்கி ஊழியரையே கேளுங்கள். மறுபக்கம், ஒரு விழுக்காட்டு பிடிபிடிஎன் கடனை முதலில் மொத்தமாக அடைத்துவிடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தவணையைத் தவறாமல் கட்டுங்கள், தவறினால் வங்கிகளின் பதிவில் ஏறி, நாளைக்கு வீட்டுக் கடனுக்கு இடைஞ்சலாகும். ஆனால் பதினெட்டு விழுக்காடு எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு விழுக்காட்டில் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாக்கள் நகை வாங்கியபோது செய்கூலி, சேதாரம் என்று கணக்குச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க முடியாது. ஆனாலும் அடகுக் கடையில் மாதம் இரண்டு விழுக்காடு வரை வட்டி போடச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆண்டுக்கு இருபத்து நான்கு. நகை வாங்குவதை விட்டுவிடுங்கள், மீட்க முடியாமல் போவதுதான் நம் வீடுகளின் கதை.

இனி வீடு. வாடகை கட்டுவது வீண் என்று என் தங்கை மகனிடம் சொன்னவன் நான். இருபத்தேழு வயது, புதிதாக வேலை. 400,000 ரிங்கிட் அடுக்குமாடி வீடு. முன்பணம் 40,000 ரிங்கிட்டை அவன் அப்பாவும் நானும் சேர்ந்து புரட்டினோம். 360,000 கடன், நான்கு விழுக்காடு, முப்பத்தைந்து ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 1,594. முதல் மாதம் கட்டிய பணத்தில் 1,200 ரிங்கிட் வட்டி. 394 மட்டுமே கடனில் கழிந்தது. வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் வீண், வங்கிக்கு 1,200 கொடுத்தால் வீண் இல்லையா? இதோடு பராமரிப்புக் கட்டணம், வீட்டு வரி, தண்ணீர்க் குழாய் உடைப்பு. மூன்றாவது ஆண்டில் அவன் நிறுவனம் அவனைப் பினாங்குக்கு மாற்றியது. வீட்டை வாடகைக்கு விட்டான், வரும் வாடகை தவணைக்குப் போதவில்லை. அங்கே ஓர் அறைக்கு இவன் வாடகை கட்டினான். சம்பள உயர்வோடு ஜொகூரில் ஒரு வேலை வந்தபோது, மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டுமே, புது வேலை நிலைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து விட்டுவிட்டான். அவன் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "பரவாயில்லை மாமா, இடம் என்று ஒன்று இருக்கே" என்பான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் வீடு வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. வாடகை வீட்டு விளம்பரங்களில் இந்தியர்களுக்கு இல்லை என்று போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொலைபேசியில் பெயரைச் சொன்னவுடன் வீடு போய்விட்டது என்று கேட்டவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். வாடகைக்கு இருப்பதே லாபம் என்று கணக்குக் காட்டுகிற நிபுணர் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்து பார்த்ததில்லை. அதற்கும் பின்னால் போனால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தவர்கள் நம்மவர்கள். அந்தக் காலத்தில்தான், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். வீட்டை வாங்கு என்று அப்பா சொல்லும்போது அந்தப் பயம்தான் பேசுகிறது. அது வட்டிக் கணக்கில் அடங்காது.

அதனால் இப்போது என்னிடம் கேட்கும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்கிறேன். இந்த ஊரில் ஏழெட்டு ஆண்டு இருப்பாயா? தவணை போக ஆறு மாதம் தாங்குகிற கைப்பணம் இருக்கிறதா? அப்பா அம்மா அந்த வீட்டில் வந்து இருக்கப் போகிறார்களா? ஆமாம் என்றால் வாங்கட்டும், வட்டியைப் பற்றி நான் பேசுவதில்லை. இல்லை என்றால் இருபத்தேழு வயதில் அவசரப்பட வேண்டாம். ஏற்கெனவே கடனில் மூழ்கியிருப்பவர்கள், 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். கடன் ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. வெட்கப்பட்டு வெளியே நிற்காதீர்கள்.

தங்கை மகன் அந்த வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் என்ன சொல்கிறீர்கள் மாமா என்று கேட்டான். உன் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா, அம்மாவுக்குக் கொடுப்பதையும் சேர்த்து எழுது என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.