யாருக்காக எழுதினார் சி.வி.?

மலையக இலக்கியத்தைப் பற்றிப் பேசப் புகுகிற எவரும் முதலில் சி.வி. வேலுப்பிள்ளையிடம்தான் வந்து நிற்பார்கள். இன்று நானும் அவரிடமே வருகிறேன். ஆனால் முன்னோடி என்று சொல்லி மாலை போட்டுவிட்டுப் போவதற்காக அல்ல. நெடுங்காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி உண்டு. லயத்து மக்களைப் பற்றி எழுதிய இந்த மனிதர், லயத்தில் ஒருவருக்கும் தெரியாத ஆங்கிலத்தில் ஏன் எழுதினார்?

சி.வி. 1914ஆம் ஆண்டு வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். பெரிய கங்காணி குடும்பம். இதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கூடை தூக்காமல் புத்தகம் தூக்க வேண்டுமானால், அது பெரும்பாலும் கங்காணி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். கொழும்பு நாலந்தாவில் படித்தார். 1934இல் 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். அப்போது இருபது வயது. அதே ஆண்டு தாகூர் இலங்கைக்கு வந்திருந்தார். தாகூரின் சாயல் இளம் சி.வி.யின் மீது விழுந்தது இயல்பே. அது சற்று அதிகமாகவே விழுந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு அரசியல். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களில் தலவாக்கலையின் பிரதிநிதி சி.வி. அவரைத் தெரிவு செய்த மக்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் தேர்தல் வந்தபோது தலவாக்கலையில் அவருக்கு வாக்களிக்க ஆளில்லை. ஆள் இருந்தார்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை. அந்த ஆண்டு மலையகத் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் பயன் தரவில்லை.

சபையில் பேசும் வாய் அடைபட்ட இந்தக் காலத்தில்தான் அவருடைய பெயர் பெற்ற நெடுங்கவிதை வந்தது: இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது, ஆங்கிலத்தில். என் கேள்விக்கு ஒரு பதில் இங்கே கிடைக்கிறது. சட்டம் செய்தவர்கள் ஆங்கிலத்தில் செய்தார்கள். தேநீரைக் குடித்தவர்களும் ஆங்கிலத்தில் பேசினார்கள். குற்றவாளியின் மொழியில்தானே குற்றப்பத்திரம் வாசிக்க வேண்டும்?

ஆனால் இந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அஸாம் தேயிலைத் தோட்டத்தை வைத்து முல்க்ராஜ் ஆனந்த் 1937இல் ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். அவர் தோட்டத்துக்கு வெளியே இருந்து வந்தவர். சி.வி. அப்படியல்ல. பெரட்டுக் களத்தின் குளிரும் தப்பின் ஓசையும் அவருக்குப் பிறந்த மண்ணின் சங்கதி. அதைச் சொல்ல அந்நிய மொழியில் சொல் தேடும்போது சில இடங்களில் சொல் வந்துவிடுகிறது, ஆள் வரவில்லை.

ஆள் வந்தது அவருடைய பத்திரிகை எழுத்தில். கவிஞர் என்று அவரைப் போற்றுகிறவர்கள் இதைக் கவனிப்பது குறைவு. பத்திரிகைகளுக்கு அவர் எழுதிய நடைச்சித்திரங்களில் அலங்காரம் உதிர்ந்துவிடுகிறது. பத்திரிகையில் இடம் கொஞ்சம். வாசகன் பொறுமையும் கொஞ்சம். கங்காணியும், கணக்கப்பிள்ளையும், கொழுந்தெடுக்கும் பெண்ணும் சில பந்திகளுக்குள் எழுந்து நடமாட வேண்டும். நடமாடுகிறார்கள். 1970இல் குணசேன நிறுவனம் 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்ட அவருடைய நூலை எடுத்துப் பாருங்கள். கவிதையைவிட அதில்தான் அவர் பெரிய கலைஞர் என்று நான் சொல்வேன். மறுப்பவர்கள் எழுதலாம், தபாற் செலவு மட்டும் உங்களுடையது.

தமிழிலும் அவர் எழுதாமல் இல்லை. 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' ஆகிய நாவல்கள் உண்டு. தொழிலாளர் தேசிய சங்கத்தில் பணியாற்றினார். 'மாவலி' சஞ்சிகையை நடத்தினார். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுப்பு. அதில் அவர் எழுதுகிறவர் அல்லர், கேட்கிறவர். தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டும் யாருடைய வாயிலிருந்து வந்தனவோ, அவர்கள் எழுத்தறியாதவர்கள். அவர்களுடைய சொல்லுக்குத் தம் பேனாவை இரவல் கொடுத்தார்.

அந்த நெடுங்கவிதையை சக்தீ பாலையா தமிழாக்கினார். 1969இல் நூலாக வந்தது. எங்களில் அநேகருக்கு சி.வி.யின் கவிதை என்றால் பாலையாவின் தமிழ்தான். ஆங்கில மூலத்தைப் பார்த்தவர்கள் குறைவு. மூலத்தைக் காட்டிலும் மொழிபெயர்ப்பு ஊரறிந்ததாக இருப்பது ஒரு கவிஞனுக்கு நஷ்டமா, லாபமா?

நான் பள்ளிக்கூட விடுமுறையில் தோட்டத்துக்குப் போனபோது அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போயிருந்தேன். லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கு. என் அம்மாயி நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர். தேயிலைத் தூருக்கு அடியில் அடையாளமின்றிப் புதைந்து கிடக்கும் மனிதரைப் பற்றிய இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏழாம் நம்பர் மலையில மூணு பேரு கெடக்காங்க தம்பி," என்றார். "அதுல ஒண்ணு நான் பெத்தது."

அப்படி ஒரு மாமன் எனக்கு இருந்ததே அன்றுதான் தெரியும். ஏழாம் நம்பர் மலையில் நான் விறகு பொறுக்கியிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இது எழுதுனது யாரு?" என்று கேட்டார். மடக்கும்புரக்காரர், பார்லிமெண்டில் இருந்தவர் என்றேன்.

"கங்காணி வீட்டுப் புள்ளையா?"

"ஆமா, அம்மாயி."

உலக்கையைக் கையில் எடுத்தார். இரண்டு இடி இடித்தார்.

"இருந்தாலும் பாத்திருக்காரு," என்றார். "இன்னொருக்கா வாசி."