ஒரு சாணில் மங்கும் அலை



கைப்பேசியில் பேசும்போது குரல் சட்டென்று அறுந்துபோகிறது. "லைன் இல்லை" என்கிறோம். கோபுரம் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணந்தான். ஆனால் கோபுரங்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் குரல் மங்குகிறதே, அது ஏன்?

கோபுரத்திலிருந்து வரும் அலை சுவரிலும் லாரியிலும் தகரக் கூரையிலும் மோதித் திரும்பி, பல வழிகளில் நம்மிடம் சேருகிறது. மேடும் மேடும் சேர்ந்தால் அலை வலுக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் தேயும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். ஆகவே ஒரு சாண் நகர்ந்தாலே நிலைமை மாறிவிடலாம்.

பிள்ளைகளே, இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறு குச்சிகளும் ஒரு பகடையும் போதும். ஒரு குச்சி ஓர் அலை. பகடையை உருட்டி, விழுந்த எண்ணை இரட்டியுங்கள். 1 விழுந்தால் 2; கடிகாரத்தில் 2 மணி இருக்கும் திசையில் குச்சியை வையுங்கள். அதன் நுனியிலிருந்து அடுத்த குச்சி. ஆறும் முடிந்ததும், தொடங்கிய இடத்துக்கும் கடைசி நுனிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அதுவே அலையின் வலு. சில ஆட்டங்களில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். அப்போது லைன் இல்லை!

இந்தக் கூட்டலின் கணக்கை ரேலி பிரபு 1880-இல் ஆராய்ந்தார். 1968-இல் கிளார்க் என்பவர் அதை ஓடும் வாகனத்தில் உள்ள வானொலிக் கருவிக்குப் பொருத்தினார். இன்று கணினி அதே ஆட்டத்தை ஆயிரக்கணக்கான முறை ஆடுகிறது. கிள்ளான் ரயிலில் போகிறவரின் கைப்பேசி எப்படித் தடுமாறும் என்பதைப் பொறியியலாளர் அறைக்குள்ளேயே சோதித்துவிடுகிறார்.

பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் ஒரு படி மேலே சென்றார். தொல்லை என்று ஒதுக்கிய எதிரொலி அலைகளையே, பல அலைவாங்கிகளை வைத்து, கூடுதல் செய்தி சுமக்கும் வழிகளாக்கலாம் என்றார். அதற்கு 1992-இல் காப்புரிமை கோரினார்; 2014-இல் மார்க்கோனி பரிசு பெற்றார். இன்றைய 4ஜி, 5ஜி கருவிகளில் அந்த முறை இருக்கிறது.

பெற்றோர்களே, அவசரத்துக்கு 999-ஐ அழைக்கும்போது குரல் அறுந்தால் நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். இரண்டடி தள்ளி நின்று மீண்டும் அழையுங்கள். செம்பனைக் காட்டின் நடுவே அது போதாது. மேடான வெட்டவெளிக்குப் போங்கள். அந்த இடத்தை இன்றே பார்த்து வைத்து, பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.