ரப்பர் மரத்தின் குளிர்காலம்

குளிர்காலத்தை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் பனிக்கட்டியை வரைகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கின்றனவே, நமக்கு அதுதான் குளிர்காலம். மங்கில் பால் குறையும்; மளிகைக் கடையில் கடன் ஏறும்.

"ஏன்பா பால் வரலை?" என்று பிள்ளை கேட்டால் அதட்டி அனுப்பிவிடாதீர்கள். ஞாயிறன்று வானொலியைச் சற்று நிறுத்திவிட்டு (நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்) நிரைப் பக்கம் அழைத்துப் போங்கள். கிளை நுனியில் துளிர்க்கும் செம்பு நிறத் தளிரைக் காட்டுங்கள். மரம் சேர்த்து வைத்த சத்தை அந்தத் தளிருக்குத்தான் செலவிடுகிறது. பாலுக்கு மிஞ்சுவது கொஞ்சமே. இலை பச்சையாகி முற்றியதும் பால் மெல்லத் தேறும்.

இம்மரம் பிரேசில் நாட்டுப் பிறவி என்பதையும் சொல்லுங்கள். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகளே. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது.

காட்டில் சருகு காய்ந்து கிடக்கும். அப்பா சுருட்டுப் பற்றவைப்பதானால், லயத்துக்குத் திரும்பிய பிறகு பற்றவைக்கட்டும்.